இடைவேளைக்கு யார் வருவது

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் வலுவில்லை. பேச்சு, நினைவு, பிடிவாதம் எதிலும் குறையில்லை, நிற்கத்தான் முடியாது. அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது அவள் அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பிறகு குன்னம் பக்கத்தில் மக்காச்சோளக் காட்டை ஒட்டிய வீட்டில் நானும் மகளும் மட்டும். மனைவியின் பிறந்த வீட்டார் விக்கிரமங்கலத்திலிருந்து காரியத்துக்கு வந்தார்கள். கொஞ்ச நாள் போனில் விசாரித்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

ஆறு வயதானதும் ஊர் நடுநிலைப் பள்ளியில் சேர்த்தேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். புத்தகம், சீருடை, சக்கர நாற்காலி எல்லாம் கிடைத்தன. வாசலில் நாற்காலி ஏறச் சரிவுப் பாதைகூட இருந்தது. ஆனாலும் அவளால் வகுப்பில் உட்கார முடியவில்லை. காரணம் சின்னது, வெளியே சொல்லக் கூச்சமானது. இடைவேளையில் அவளைக் கழிப்பறைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். “அம்மா இருந்தா வந்து பாத்துக்கலாம். நீங்க கேர்ள்ஸ் டாய்லெட் பக்கம் வர முடியாதுங்க. எட்டாம் வகுப்புப் புள்ளைங்கல்லாம் இருக்குதுங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

அவர் சொன்னது நியாயம். வேறு ஓர் ஆள் அங்கே நின்றால் நானே போய்க் கேட்டிருப்பேன். அதனால் யார் மேலும் கோபப்பட முடியவில்லை. கோபப்பட ஓர் ஆள் இருந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மகளை வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை சிறப்பாசிரியை ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். பாடத்தோடு வகுப்புக் கதையும் சொல்வார். யாருக்குப் பல் விழுந்தது, யார் யாரோடு சண்டை என்று. அவர் போன பிறகு மகள் அந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் தானே வரிசையாகக் கூப்பிடுவாள். ஒவ்வொன்றுக்கும் தானே “உள்ளேன் மிஸ்” என்பாள். ஒருநாள் ஒரு பெயரைச் சொல்லி, “அவ எப்படிப்பா இருப்பா? குண்டா, ஒல்லியா?” என்று கேட்டாள். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பிள்ளையை நானும் பார்த்ததில்லை.

கால் பயிற்சிக்கு வட்டார வள மையத்துக்குப் போவோம். அங்கே பிள்ளைகளோடு வருகிறவர்கள் எல்லாம் அம்மாக்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, எந்த எண்ணெய் தேய்த்தால் நல்லது, உதவித்தொகைக்கு எந்த ஆபீசுக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனதும் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். பேச்சு நின்றுவிடும். தப்பாக நினைத்து அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் நான் வராந்தாவில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பிக்கும்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். குடிநீர்த் தொட்டி பற்றியும் சுற்றுச்சுவர் பற்றியும் பேசி முடித்து, “வேற ஏதும் இருக்கா?” என்று தலைமையாசிரியை கேட்டார். எழுந்தேன். வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

“எம் புள்ளைக்கு அவ கிளாசுல யாரையும் தெரியாதுங்க. பேரு மட்டுந்தான் தெரியும். இன்டர்வெல்லுக்கு ஒரு ஆள் இருந்தா அவளும் வந்து உக்காருவா. நான் வாசல்ல நிக்கிறேன். உள்ள வரமாட்டேன்.”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உதவியாளர் கேட்டு மேலே ஏற்கெனவே எழுதியிருப்பதாகவும் இன்னும் பதில் வரவில்லை என்றும் தலைமையாசிரியை மெல்லச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பள்ளிக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருப்பவள். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. “ஏண்ணே, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்கூடு எதுக்கத்தான இருக்கு. மணி அடிச்சா வந்து தூக்கிட்டுப் போயிட்டு வரேன். எம் பொண்ணும் அந்தக் கிளாசுதான்.”

“தெனமுமாங்க?” என்றேன்.

“புள்ளைக்குத் தெனமுந்தான வரும்?”

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலைமையாசிரியை அதை அங்கேயே தீர்மானமாக எழுதச் சொன்னார்.

திங்கட்கிழமை மகளை வகுப்பு வாசல் வரை தள்ளிக்கொண்டு போனேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். யார் தள்ளுவது என்று சண்டை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “நீ யாரு? நீ யாரு?” என்று கேட்டாள். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, “நீ போப்பா” என்றாள்.

போனேன். காட்டுக்குப் போய்க் களையெடுக்க உட்கார்ந்தேன். வழக்கமாக வரப்போரம் சாக்கு விரித்து அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். அவள் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். அன்றைக்குக் காட்டில் சத்தமே இல்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் ஒருத்தனுக்காகச் சோறு போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மணி அடிக்க நெடுநேரம் இருக்கும்போதே பள்ளி கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை குரல்களில் அவள் குரல் எது என்று காது கொடுத்துக் கேட்டேன். பிரித்தெடுக்க முடியவில்லை.

மறுவருஷம் உதவியாளராக ஓர் அம்மாவை நியமித்தார்கள். இப்போது மகள் நான்காம் வகுப்பு. தையல்காரப் பெண்ணை அத்தை என்கிறாள். சனிக்கிழமைகளில் அங்கேதான் இருப்பாள். சாயங்காலம் வந்ததும் வகுப்பில் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்கிறாள். கேட்டுக்கொண்டே இட்லி ஊற்றுகிறேன். அவள் சொல்லி முடித்துப் படிக்க உட்கார்ந்துவிடுகிறாள். கேட்டதை நான் போய்ச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, தட்டுகளை எடுத்து வைக்கிறேன்.