நாலு வார்த்தைப் பூட்டு

முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு மதலேனுடையது. அவளுக்கும் என் வயதுதான், அறுபத்தாறு. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் அவளிடமே போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். டிரங்க் கால் காலம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணச் சேதி, சாவுச் சேதி வெளியூர் போனாலும் இவள் கை வழியாகத்தான் போகும். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் எந்தப் பேச்சையும் கேட்கலாம். லைன் சேர்ந்ததா என்று பார்த்ததும் காதை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பல பேர் எடுக்க மாட்டார்கள், இவள் எடுத்துவிடுவாள். "என்னதான் பேசறாங்கன்னு கேக்க ஆசையே வராதா?" என்று ஒருமுறை கேட்டேன். "வரும். அதனாலதான் எடுத்துடுவேன்" என்றாள்.

தானாக லைன் சேர்க்கும் மெஷின் வந்த பிறகு அவளைப் பில் கவுண்டருக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றாள். கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் ஜோசப் ஆனந்த் பிரான்சில், லியோனில் இருக்கிறான்.

போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் நான் போய்ப் பார்க்கும்வரை வெகுநேரம் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வந்த மகன் வீட்டுக்கு வைஃபை போட்டான். கூடத்து அலமாரி மேல் ஒரு கேமராவையும் உட்கார வைத்தான். லியோனிலிருந்தே அம்மாவைப் பார்க்கலாம், அதன் வழியாகப் பேசவும் பேசலாம். பயந்துபோன பிள்ளை, அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அது பார்ப்பதோடு நிற்கவில்லை. "மணி மூணு ஆவுது, இன்னும் சாப்பிடலியாம்மா?" என்று அலமாரி கேட்கும். மாமியார் இல்லாத வீட்டில் அலமாரி மாமியாராகிவிட்டது.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள் பூவாயி. இருபது வருஷப் பழக்கம். எங்கள் பக்கத்தில் அவள் கடைசியாக வருவது மதலேன் வீட்டுக்கு. கூடையை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்துவிடுவாள். மதலேன் சோறு போடுவாள். சாப்பிட்டபடியே இரண்டு பேரும் ஊரில் ஒருத்தரையும் விடாமல் திட்டித் தீர்ப்பார்கள், என்னையும் சேர்த்துத்தான். மதலேன் வாய்விட்டுச் சிரிப்பது அந்த நேரத்தில் மட்டும். சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள், பூவாயி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அலமாரி பேசியது.

"அம்மா, யாரு அது? கண்டவங்களயும் உள்ள உக்கார வெக்காதம்மா. தனியா இருக்க நீ."

பூவாயி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினாள். மதலேன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து மீன் வியாபாரம் கேட்டுக்கு வெளியே நின்றபடிதான் நடந்தது. உள்ளே கூப்பிட்டால், "நேரமாச்சுக்கா" என்று கூடையைத் தூக்கிக்கொள்வாள். மதலேன் அன்று என் வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கணவர் சாவுக்குக்கூட என் முன்னால் அழாதவள்.

கேமராவின் வயரைப் பிடுங்கிப் பார்த்தாள். சற்றைக்கெல்லாம் அவள் நாத்தனார் மகன் ரிச்சர்ட் ரெட்டியார்பாளையத்திலிருந்து பைக்கில் பறந்து வந்தான். அவனிடம் ஒரு சாவி உண்டு. படம் நின்றதும் அம்மா விழுந்துவிட்டாள் என்று லியோனில் மகன் அலறியிருக்கிறான். ரிச்சர்ட் வயரைச் செருகி, ஸ்விட்ச் மேல் டேப்பும் ஒட்டிவிட்டுப் போனான்.

கடைசியில் வழி காட்டியது அந்த மகன்தான். படம் திக்கித் திக்கி வருகிறது, யார் யாரோ நம் நெட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்றான். பயன்படுத்தாமல் என்ன செய்வார்கள்? பாஸ்வேர்டு மாதா பேரும், மாதா பிறந்தநாளான செப்டம்பர் எட்டும். எங்கள் தெருவில் கோயிலுக்குப் போகிற குடும்பம் அத்தனைக்கும் அதேதான் பாஸ்வேர்டு. திருட வருகிறவன் ஞானோபதேசம் படித்திருந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் போனில் அவன் குரல், அவள் போனில் ரூட்டரின் பக்கம். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் ரூட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டை மாற்றச் சொன்னான். அது கடையில் வாங்கியபோது இருந்தபடியே இருந்தது. வைஃபை பேரில் வீட்டுப் பேர் இருக்க வேண்டாம் என்றான். பட்டனை அழுத்தினால் யாரையும் சேர்த்துக்கொள்கிற வசதியை நிறுத்தச் சொன்னான். பிறகு பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ டூவைத் தேர்ந்தெடுக்க வைத்தான்.

"அது என்னா பண்ணும்?" என்றாள்.

"காத்துல போறதயெல்லாம் கலைச்சுப் போட்டு அனுப்பும்மா. பாஸ்வேர்டு இல்லாதவன் புடிச்சாலும் ஒண்ணும் புரியாது. சம்பந்தமில்லாத நாலு வார்த்தையச் சேத்து வெச்சா யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

நாலு வார்த்தையையும் அவனே சொன்னான். மாற்றியதும் கேமரா செத்துவிட்டது. ரிச்சர்ட் வந்து புதுப் பாஸ்வேர்டைப் போட்ட பிறகுதான் மறுபடி விழித்தது. மதலேன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் அவள் தனியாக அதே பக்கத்தைத் திறந்தாள். இந்தத் தடவை நாலு வார்த்தையும் அவளுடையது, கேமரா மறுபடி செத்தது. என்ன வார்த்தை என்று எனக்கும் சொல்லவில்லை. அழுத்தக்காரி.

ரிச்சர்ட் வந்தான். பாஸ்வேர்டைக் கேட்டான், காபிதான் கிடைத்தது. அடுத்து மகன் கூப்பிட்டான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"விளையாடாதம்மா. மறுபடி விழுந்தீன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் நானே கூப்புடறேன். கூப்புடலன்னா ரிச்சர்டை அனுப்பு."

"பயமா இருக்கும்மா."

"எனக்குந்தான்டா இருக்கு. ஆனா நீ என்னப் பாக்கறப்ப நான் உன்னப் பாக்கல. என் வூட்டுக்கு வந்தவள எங்கிட்ட கேக்காம நீ எழுப்பி அனுப்பிட்ட. அந்தச் சோறு நான் போட்டது, ஜோசப்பு."

"அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு" என்றான். "நீ வந்து சொல்லு" என்று வைத்துவிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் சொன்னபடி கூப்பிட்டாள்.

மதலேனே துறைமுகத்துக்குப் போய்ப் பூவாயியைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நானும் கூட இருந்தேன். பூவாயி வாசற்படியில் நின்று அலமாரியை அண்ணாந்து பார்த்தாள்.

"அதுக்கு இப்பக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. வா" என்றாள் மதலேன்.

பூவாயி உள்ளே வந்தாள். நாற்காலிப் பக்கம் போகவில்லை. அலமாரியை ஒட்டி, கேமராவுக்கு நேர் கீழே இருந்த மூலையில் தரையில் உட்கார்ந்தாள். கேமரா உயிரோடு இருந்தாலும் அதன் பார்வை எட்டாத இடம்.

"ஏன் கீழ உக்கார்ற?"

"ஒண்ணுமில்லக்கா. இங்கதான் காத்து வருது."

அந்த மூலையில் காற்று வராது. மதலேன் இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றைப் பூவாயி முன்னால் வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, மற்றதோடு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.