ஆடித் திருவிழாவும் ஒரு கோலும்

பனி ஹாக்கி எனக்கு இன்றுவரை பிடிக்காத விளையாட்டு. தொண்ணூறுகளின் பின்பாதியில், ஜேர்மனியின் ஒரு சிறு நகரத்து அரங்கில் எனக்கு வேலை, ஆட்டம் முடிந்தபின் இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் பியர்க் கோப்பைகளைப் பொறுக்குவது. விரல்கள் மரத்துப்போகும். மனிதர்கள் காசு கொடுத்து இந்தக் குளிருக்குள் வந்து உட்காருகிறார்களே என்று எரிச்சலாக இருக்கும்.

என்னோடு பொறுக்கியவர் அகதி விடுதியில் என் அறையில் இருந்த மன்னார்க்காரர். என்னைவிட மூத்தவர்; அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய அகதி மனுவை ஏற்கெனவே நிராகரித்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிராகரித்ததற்குக் காரணம் ஒரு திருவிழா. இலங்கை ஆமி பிடித்தது எப்போது என்று விசாரணையில் கேட்டபோது, "மடுத் திருவிழாவுக்கு அடுத்த கிழமை" என்றிருக்கிறார். மன்னார்க் கத்தோலிக்கர்கள் வாரக் கணக்கைத் திருவிழாவை வைத்துத்தான் சொல்வார்கள். மடு மாதா கோயிலில் ஆடியிலும் திருவிழா, ஆவணியிலும் திருவிழா; எங்களுக்கு ஆடி என்றால் ஜூலை, ஆவணி என்றால் ஆகஸ்ட். அண்ணை நினைத்தது ஆடியை. மொழிபெயர்ப்பாளர் பெரிய திருவிழாதானே என்று ஆவணியைச் சொல்லிவிட்டார். பிறகு வேறொரு கேள்விக்கு அண்ணை ஆடி என்று சொல்ல, பேச்சு மாறுகிறது, ஆள் நம்பத்தகாதவர் என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிறு பிற்பகல் நேரத்தோடு போய், கடைசிப் பகுதி ஆட்டத்தைப் படிக்கட்டில் நின்று பார்த்தோம். எங்கள் ஊர் அணி அடித்த கறுப்பு ரப்பர் வட்டு வலைப்பக்கம் போனது. கோல் என்று காட்டும் சிவப்பு விளக்கு வலைக்குப் பின்னால் எரிந்தது. நடுவரோ கோல் இல்லை என்று கையை வீசினார். அரங்கமே கத்தியது. நடுவர் சறுக்கிக்கொண்டு போய் ஓரத்து மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்தார்.

"என்ன செய்யினம், தம்பி?"

"மேல வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பாக்கினம், அண்ணை."

"அப்ப அந்தாள் சொன்னது முடிவில்லையோ?"

"இல்லை. பிழையெண்டா மாத்துவினம்."

கொஞ்ச நேரத்தில் நடுவர் கோல் என்று கைகாட்டினார். இந்த விளையாட்டை ஒருநாளும் கவனித்துப் பார்க்காத அண்ணை கைதட்டினார்.

கோப்பை பொறுக்கும்போது சொன்னார்: "என்ர கேசிலயும் கசெற் ரேப் இருக்கு. என்னை விசாரிச்ச அதிகாரி சின்ன மெசினுக்குள்ளதான் கதைச்சவர். நான் முன்னால இருந்தனான். என்ர குரலும் விழுந்திருக்கும். போட்டுப் பாத்தா நான் ஆவணி எண்டு சொல்லேல்லை எண்டு தெரியும்தானே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதன்பிறகு அண்ணை ஒழுங்காகச் சாப்பிட்டார், ஒழுங்காகத் தூங்கினார். சமைக்கும்போது முணுமுணுவென்று மாதா பாட்டுக்கூடப் பாடினார்.

நீதிமன்றத்தில் டெர்மின், விசாரணைத் தேதி, வந்தது. நானும் துணைக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். ஆடியா ஆவணியா என்று கேட்டதும் அண்ணை எழுந்து நின்றார். "ஐயா, அந்தக் கசெற் ரேப்பை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

நீதிபதி கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகவே விளக்கினார். அந்த மெசின், விசாரணையின் சுருக்கத்தை அதிகாரி தன் வாயால் சொல்லிப் பதிவதற்கு மட்டும்தான். அவர் சொல்லும்போது போடுவார், முடிந்ததும் நிறுத்திவிடுவார். தட்டச்சு செய்தபிறகு அதையும் அழித்து அடுத்த ஆளுக்குப் பயன்படுத்துவார்கள்.

நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடித்ததும் அண்ணை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் கதைச்சது ஒரு இடத்திலயும் இல்லையோ?"

அதை மொழிபெயர்ப்பாளர் ஜேர்மன் மொழியில் சொல்லவில்லை. அண்ணை மெல்ல உட்கார்ந்தார். வழக்கு தோற்றது.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் வேலைக்கு வரவில்லை. அன்றும் ஒரு கோலில் தகராறு. நடுவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு ரப்பர்த் துண்டு கோட்டைத் தாண்டியதா என்று தெரிய அத்தனை பேரும் எழுந்து நின்று காத்திருந்தார்கள். முடிவைக் கேட்க நான் நிற்கவில்லை. குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அண்ணையை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அது எப்போது என்று விடுதியிலிருந்த பழைய ஆட்கள் இன்றும் கேட்பதுண்டு. எனக்குத் தேதி நினைவில்லை. மடுத் திருவிழாவுக்கு முந்தின கிழமை என்றுதான் சொல்வேன். ஆடித் திருவிழா.