பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட கல்யாணம்

மலேசியாவில், மெர்போக்கில் எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பதிவாவது மற்றதிலும் அப்படியே பதிவாகும். என் கணவர் அதை வாங்கி வந்ததிலிருந்து குடும்பப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான். பூஞ்சை பிடித்துக் கிடந்த அக்காவின் கல்யாணக் கேசட்டையும் கடையில் கொடுத்து மாற்றி அதில் ஏற்றினார். அக்கா நிம்மதியாகக் கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் வெள்ளிவிழா வந்தது. அவர்கள் ஊரான பெண்டாங்கில் மண்டபம் எடுத்து விருந்து. அங்கே அந்த வீடியோவைப் போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம், இடியோடு மழை பிடித்தது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசியாக வந்தபோது பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் மின்னியது. டி.வி.யில் தேடினால் பெட்டி இருக்கும் தடயமே இல்லை.

மறுநாள் காலையில் வீடியோவை வாங்கிப்போக அக்காவே வந்து நின்றாள்.

"என்ன தம்பி, காப்பி பண்ணியாச்சா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் டீ கலக்கப் போய்விட்டேன். அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் அக்கா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். "எடுக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன் லா."

அவர் ஒரு டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். 'கரகர' என்றது, அவ்வளவுதான். இரண்டாவதை மாட்டினார். அது சத்தமில்லாமல் சுற்றியது. ஆனால் திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?

அவர் விரல் மவுஸில் இருந்தது. நல்லவேளை, அலோர் ஸ்டாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவருடைய பள்ளித் தோழர் அப்போது போனில் இருந்தார்.

"டேய், அதைத் தட்டாதடா! தட்டினா எல்லாம் போச்சு. பெட்டியோட பாஷை உன் கம்ப்யூட்டருக்குப் புரியல. அதான் டிஸ்க் காலின்னு நினைக்குது."

அக்கா எட்டி அவர் கையை மவுஸிலிருந்து எடுத்தே விட்டாள்.

தோழர் சொல்லச் சொல்ல, இவர் ஒரு பென் டிரைவில், பெட்டியின் பாஷை தெரிந்த லினக்ஸைப் போட்டு, கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கினார். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்படி திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக், ஜன்னலைத் திறந்து என்னவென்று கேட்டார்.

வேறொரு டிஸ்க்குக்கு எல்லாம் ஏற முழு மத்தியானமும் ஆனது. கல்யாண வீடியோ முதலில் ஏறியது. சரியாக இருக்கிறதா என்று கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். வழக்கமாகத் தாலி கட்டியதும் நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை.

வீடியோவில் கல்யாணத்தன்று ராத்திரி விருந்து. கேமராக்காரர் கேமராவை நிறுத்தாமல் மேடையோரத்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். மேடையில் அக்காவும் அத்தானும் மட்டும் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

"பிரியாணி ஹாபிஸா, தீர்ந்துபோச்சா?" என்கிறாள் மணப்பெண், மெதுவாக.

"தெரியலயே. பார்த்துட்டு வரட்டா?"

"ஐயோ, நீங்க மாப்பிள்ளை. போகக்கூடாது."

"உனக்குப் பசிக்குதுல்ல?"

அத்தான் எழுந்து போகிறார். திரும்பி வரும்போது துண்டுக்கடியில் ஒரு தட்டு. இருவரும் குனிந்து, மாலையை ஒதுக்கிக்கொண்டு, அவசர அவசரமாகத் தின்கிறார்கள்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சுத்தமா மறந்துட்டேன்டி. அன்னிக்கு அந்த மனுஷன்கிட்ட முதல்முதலா பேசினதே இதுதான்."

விருந்தில் அந்தப் பகுதியைத்தான் போட்டோம். மண்டபமே சிரித்தது. அத்தான் முகத்தை மூடிக்கொள்ள, பின் மேசையிலிருந்து யாரோ, "அண்ணே, இன்னிக்கு உட்கார்ந்தே சாப்பிடுங்க!" என்று குரல் கொடுத்தார். அக்கா மறுபடியும் போடச் சொன்னாள்.

இப்போது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரி ஒன்று பெட்டியோடு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இன்னொரு காப்பி பெண்டாங்கில், அக்காவின் அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த அலமாரிச் சாவியை அவள் அத்தானிடம்கூடக் கொடுப்பதில்லை.