வெள்ளிக்கிழமை சுடக்கூடாது

அண்ணை கனடாவிலிருந்து வந்து இரண்டு கிழமையாகியும் என்னோடு ஒழுங்காக ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் மோட்டார் சைக்கிளை எடுங்கள், வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய் வருவோம் என்று கேட்டால் "அலுப்பாய்க் கிடக்கு" என்றார். கந்தசுவாமி கோயில் எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே வரவும் மறுத்துவிட்டார். அம்மா ஆசையாக வாங்கி வைத்த வேட்டி மடிப்புக் குலையாமல் கதிரையிலேயே கிடந்தது. இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி வளவைச் சுற்றிச் சுற்றி வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய துரை என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

அம்மா அப்படி நினைக்கவில்லை. குசினிக்குள் அடுப்படியில் என்னைக் கண்டால் போதும், "அவன் என்னவோ மறைக்கிறான் பிள்ளை. நீ ஒருக்கால் கேட்டுப் பார்" என்பார். எப்படிக் கேட்பது? அண்ணையிடம் நேராகக் கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார், அதோடு கதை முடிந்துவிடும். அவர் அடுத்த கிழமை திரும்பிப் போகவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அலுமாரிக்கு மேலே தூசு பிடித்துக் கிடந்தது.

சமாதான காலத்தில், சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்த கையோடு, வெளிநாட்டு மாமா கொண்டுவந்து தந்த விளையாட்டுப் பெட்டி அது. கூடவே ஒரே ஒரு இறுவட்டு. ஏதோ விண்வெளிப் படத் தொடர் ஒன்றை வைத்துச் செய்த சுடும் விளையாட்டு. அந்தப் படங்களில் ஒன்றையும் நாங்கள் பார்த்ததில்லை. ஆளில்லாத விண்கப்பலுக்குள் ஒரு சிப்பாய் தனியாக நடப்பான். அவனுடைய முகம் தெரியாது. சுடுகிற துவக்கும் அதைப் பிடித்த கையும்தான் தெரியும். ஆட்களைத் தின்னும் பிராணிகள் கூரையிலும் குழாய்களிலும் ஒளிந்திருக்கும். அவை கிட்ட வந்தால் சிப்பாயிடம் இருக்கும் கருவி டிக் டிக் என்று சத்தம் போடும். சத்தம் நெருங்க நெருங்க, அந்தப் பக்கம் திரும்பிச் சுடவேண்டும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் விளையாடியிருப்பார்கள்.

நாங்கள் பங்கருக்குள் வளர்ந்த பிள்ளைகள். சத்தம் கேட்டால் ஓடாதே, மூலையில் குந்து என்று படித்தவர்கள். டிக் டிக் என்றதும் அண்ணை சிப்பாயை ஓட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் குந்த வைத்துவிடுவார். ஷெல் என்றால் தலைக்கு மேலால் போயிருக்கும். இந்தப் பிராணி ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்து வந்து, குந்தியிருந்த எங்களைத் தின்றுவிட்டுப் போகும். மாதக்கணக்காக அப்படியே செத்துக்கொண்டிருந்தோம். விளையாட்டில்தான் ஏதோ பிழை என்று இருவரும் உறுதியாக நம்பினோம்.

விளையாட்டை இயக்கும் கைப்பிடியும் ஒன்றுதான் இருந்தது. அதனால் அதை இரண்டாகப் பங்கு பிரித்தோம். இடது பாதி அண்ணைக்கு, வலது பாதி எனக்கு. நடப்பது அவர், சுடுவது நான். தோளோடு தோள் ஒட்டியிருந்து, "சுடடி!" என்று அவரும், "முதல் அங்காலை திரும்புங்கோ!" என்று நானும் கத்துவோம்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது நடக்காது. அன்றைக்கு வீடு கழுவி, மீன்சட்டியைத் தூக்கி வைத்து, அம்மா விளக்கேற்றியிருப்பார். ஒருமுறை நாங்கள் சுடுவதைக் கண்டுவிட்டு, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா உயிர் கொல்லுறியளோ?" என்று வந்து நின்றார்.

"அது உயிரில்லை அம்மா, பேய் மாதிரி ஒண்டு."

"பேயெண்டாலும் நாளைக்குச் சுடுங்கோ."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை எங்கள் சிப்பாயும் சைவம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். அண்ணை தனியாக, சுவரோடு சுவராக, ஒரு பிராணிக்கும் தெரியாமல் நடத்திக்கொண்டு போவார். அந்த இடது பெருவிரலில் அப்படி ஒரு நிதானம். மற்ற நாட்களைவிட வெள்ளிக்கிழமைகளில்தான் நாங்கள் கூடுதல் நேரம் உயிரோடு இருந்தோம்.

இப்போது அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்து, பழைய தொலைக்காட்சியில் கொழுவினேன். இறுவட்டு கரகரவென்று சுற்றிவிட்டு, அதிசயமாக, வேலை செய்தது. என் நினைவில் பிரமாண்டமாக இருந்த விண்கப்பல் மட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. பிராணியின் முகத்தில் நாலைந்து மூலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உதுக்கே நாங்கள் பயந்து செத்தனாங்கள்?" என்று அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். பழையபடி பக்கத்தில் ஒட்டியிருந்து வலது பாதியைப் பிடித்தேன்.

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, தெரியுந்தானே?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணை நடக்கத் தொடங்கினார்.

சிப்பாய் நேரே போய்ச் சுவரில் முட்டினான். முட்டியபடியே உரசிக்கொண்டு நின்றான். திரும்பி, மற்றப் பக்கச் சுவரிலும் முட்டினான்.

"கனடாவுக்குப் போய் நடக்கவும் மறந்திட்டியளோ?"

நான் அவருடைய கையைப் பார்த்தேன். இடது பெருவிரல் சிப்பாயை நடத்தும் குமிழின் மேல் சும்மா கிடந்தது. அது வழுக்கி விழ, வலது கை வந்து அதைத் தூக்கித் திரும்பவும் குமிழில் வைத்தது.

"எப்ப அண்ணை?"

"போன பனிக்காலம். வாசல்லை பனி வழிக்கேக்கை விழுந்திட்டன். பாரிசவாதம். சின்னனாத்தான். கால் சரிவந்திட்டுது, கைதான்..." குரலைத் தணித்தார். "அம்மாவுக்குச் சொல்லாதை. தாங்கமாட்டா."

ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியாது. மோட்டார் சைக்கிளின் கிளச்சைப் பிடிக்க முடியாது. துரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் அண்ணை பயந்துபோய் வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அம்மாவுக்குக் கேட்கும் என்பதால் எழும்பினேன்.

"தள்ளியிருங்கோ."

சுற்றிப் போய் அவருடைய இடது பக்கம் இருந்தேன். இடது பாதியை நான் பிடித்தேன், வலது பாதியை அவரிடம் கொடுத்தேன். அந்த விளையாட்டில் நான் நடந்ததே இல்லை. வெறிகாரன் மாதிரித் தள்ளாடித் தள்ளாடிப் போனேன்.

"சுவரோடை போ. அவசரப்படாதை" என்று அண்ணை சொல்லித் தந்தார். "இப்ப வலக்கைப் பக்கம். ஓம், அப்பிடித்தான்."

டிக் டிக் என்றது. நெருங்கியது. எனக்கும் பழைய புத்தி. சிப்பாயை மூலையில் கொண்டுபோய்க் குந்த வைத்தேன்.

"குந்தாதையடி!"

கூரையிலிருந்து பிராணி குதித்தது. அண்ணையின் வலக்கை விரல் பொத்தானில் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

அம்மா அகப்பையோடு வாசல் நிலையில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கண் கலங்கியிருந்தது. அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அண்ணையின் மடியில் கிடந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை என்னடா பாக்கிறாய்?" என்றார். "சுடு."