தாலியில் கோர்த்த முகம்

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பக்கம் எங்கள் வீடு. மாடியறையை வெளிநாட்டினருக்கு வாடகைக்கு விடுகிறோம்.

வெளிநாட்டில் வேலை பார்த்த என் தம்பி, அந்த நாட்டு அதிபரைப் போற்றி வெளியிட்ட தங்கக் காசு ஒன்றைக் கொண்டுவந்தான். "சுத்தத் தங்கம்க்கா, தாலியில கோத்துக்கோ" என்றான். வளையம் வைத்துக் கோர்த்துக்கொண்டேன். காசில் இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கத் தோன்றவில்லை.

சமீபத்தில் மாடிக்குக் குடிவந்த அம்மாவும் அதே நாட்டுக்காரர். கொஞ்சம் தமிழ் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடித்து, அவருக்குக் காபி கொண்டுபோனேன். டம்ளரை வைக்கக் குனிந்தபோது தாலி வெளியே வந்து தொங்கியது. காசைக் கையில் பிடித்துப் பார்த்தவர், "இவன் முகத்துல ஏன் குங்குமம்?" என்றார்.

"வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்னு வெக்கிறதுங்க."

அவர் காசைச் சட்டென்று விட்டுவிட்டார். "என் வீட்டுக்காரரைக் கொன்னவன் இவன்."

மறுநாளே அறையைக் காலி செய்துவிட்டார். நான் காசை நகைப்பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"நல்ல காசும்மா, எதுக்கு உருக்கணும்?"

"அந்த முகம் போனாப் போதும்ங்க."

இப்போது எந்தக் காசு கைக்கு வந்தாலும், அதில் இருப்பது யாரென்றுதான் முதலில் விசாரிக்கிறேன். ஆனாலும், வெள்ளிக்கிழமைதோறும் அந்த முகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.