அழுக்குத் தண்ணி

செண்பகனூரில் ஒரு பள்ளிக்கூடத்து விடுதிச் சமையலறையில் ஜெனிக்குப் பன்னிரண்டு வருடமாக வேலை. கணவர் அலெக்சாண்டர் ஏரிப்பக்கம் ஒரு ஹோட்டலில் எலெக்ட்ரீஷியன். கிறிஸ்துமஸ் வந்தால் பங்குக் கோயில் குடிலின் சொரூபங்களுக்கு அவர்தான் பெயின்ட் அடிப்பார்.

ஹோட்டலில் தங்க வந்த அகிலன் என்ற பெங்களூர்க்காரர் அந்தக் குடிலில் இருந்த இடையர் சொரூபங்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகள் இருபதை வண்ணம் அடித்துத் தரச் சொல்லி அலெக்சாண்டரிடம் கொடுத்துப் போனார். மேசைமேல் மலையும் ஆறும் செய்து வைத்து, பகடை உருட்டிப் படை நகர்த்தும் விளையாட்டுக்கானவை.

"நாப்பத்தெட்டு வயசுல பொம்மையாக்கும்?" என்று ஜெனி சிரித்தாள்.

"விளையாடுறது அவரு. பெயின்ட் அடிக்கிறது மட்டுந்தான் நம்ம சோலி."

அப்படித் தொடங்கியது ஏழு வருடம் ஓடியது. வண்ணம் அடித்து முடித்ததும் பொம்மைகள் மிட்டாய் போல மொழுமொழுவென்று நிற்கும். அதற்குப் பிறகுதான் அவர் தன் அழுக்குத் தண்ணியை எடுப்பார். மையும் தண்ணீரும் இன்னும் என்னென்னவோ சேர்த்து, இருமல் மருந்து பாட்டிலில் அவரே கலந்து வைத்தது. மெல்லிய பிரஷால் தடவினால் சட்டை மடிப்பிலும் கண்ணோரத்திலும் அது போய்த் தங்கும். காய்ந்ததும் பொம்மைக்கு ஒரு வயது வந்துவிடும், களைப்பு வந்துவிடும். கடையில் விற்கும் சாயம் ஒன்றும் அவருக்குப் பிடித்ததில்லை. அளவு எதையும் எழுதி வைத்ததும் இல்லை.

போன ஐப்பசியில், நாற்பது குதிரை வீரர்கள் அழுக்குத் தண்ணிக்காகக் காத்திருந்தபோது, அலெக்சாண்டர் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் பனிமூட்டத்தில் ஊர்ந்து மலை இறங்கியது. மூளையில் அடைப்பு. பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கை விழுந்திருந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம்: "ஆமா."

"நெனைக்கிறது உள்ள இருக்கும்மா. வெளிய வர்றதுதான் மாறிப்போகும்" என்றார் டாக்டர்.

சோறு வேணுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரியும். இடது கையால் கட்டிலை அடிப்பார்.

படுத்த இடத்திலிருந்து அவர் குதிரை வீரர்களையே பார்த்துக்கொண்டிருப்பதை ஜெனி கவனித்தாள். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அலமாரியில் இருந்த மூன்று பாட்டில்களையும் கட்டிலில் வைத்தாள். எதிலும் பெயர் இல்லை.

"இதுல எதுங்க? நான் தடவுறேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அவர் நடுவிலிருந்ததை இடது கையால் எடுத்தார். அவளை உற்றுப் பார்த்தார். பாட்டில் அவர் கையில் வெடவெடவென்று ஆடியது.

"மாதாவே, கை நடுங்குதே. குடுங்க, கீழ போட்டுராதீங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

"ஆமா... ஆமா!" என்று அவர் கத்தினார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

திறந்து பார்த்தால் மேலே வெறும் தண்ணீர்தான் கிடந்தது. பழசாகித் தெளிந்துவிட்டது போல என்று அதைத் தொட்டியில் ஊற்றினாள். அடியில் தேங்கியிருந்த பழுப்பைத் தொட்டு நான்கு வீரர்களுக்குத் தடவினாள். நான்கு முகமும் அடுப்புக்கரி பூசினாற்போல ஆயின. துணியால் துடைத்தாள், அதற்குள் காய்ந்திருந்தது.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கை நடுங்கவில்லை. குலுக்கிக் காட்டியிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தாள். அலெக்சாண்டர் கண்ணீரோடு, "ஆமா, ஆமா" என்றார்.

"நல்லா வெளங்கச் சொல்லிருக்கீங்க. எனக்குத்தான் தெரியலை" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மிச்சமிருந்த வண்டலில் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். திரிதிரியாக மிதந்தது.

அகிலனுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அப்படியே அனுப்புங்க, மீதிய நான் பார்த்துக்கிறேன். அண்ணன் நல்லா வரட்டும், அது போதும்."

முப்பத்தாறு பேரை முட்டை அட்டையில் பஞ்சு வைத்துக் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுபோய் பார்சல் போட்டாள். பார்சல் போகட்டுமா என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. அன்று முழுக்க அது அவள் நெஞ்சை அறுத்தது.

தை மாதத்தில் அகிலனிடமிருந்து ஒரு படம் வந்தது. கடைச் சாயம் தடவிய குதிரைப்படை, பச்சை மேசையில் வரிசையாக நின்றது. ஜெனி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் இடது கையால் அதை இன்னும் கிட்ட இழுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயம் சரியில்லை என்றா, நன்றாக இருக்கிறது என்றா, தான் தடவவில்லையே என்றா, எதற்குத் திரும்பினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பள்ளிக்கூடத்துப் பஸ் ஹாரன் அடித்தது. கம்பளியை அவர் தோள்வரை இழுத்துவிட்டு, வேலைக்கு ஓடினாள்.