குதிரைக்காரனும் டீச்சரம்மாவும்

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் உள்ளங்காலில் ஏறுகிற கம்பளத்தின் குளிர்ச்சியும், கதவைச் சாத்தியே வைத்த அறையில் ஏசி ஓடி ஓடி உண்டான ஈரத்துணி வாடையும்தான் எனக்குக் கோடை விடுமுறை என்றதும் முதலில் நினைவுக்கு வருகின்றன. தொண்ணூறுகளின் கடைசியில் என் சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டு மாடிதான் சென்டர். பரீட்சை முடிந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டால், பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அங்கேதான் என் வாசம். படிக்க வருகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பி, திரும்பி வந்து உட்காருகிற அந்த இடைவெளியில் ஓரத்து மிஷின் எங்களுடையது. எங்களுடையது என்றால் சித்தப்பா மகன் சீனு அண்ணன், பக்கத்து வீட்டு ரகு, அப்புறம் நான்.

அந்த மிஷினில் ஒரு விளையாட்டு இருந்தது. கோட்டை, காடு, தங்கச் சுரங்கம், பறக்கிற பாம்பு எல்லாம் உள்ள மாய உலகம். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு வீரன். ஒருவர் தன் முறையை ஆடும்போது மற்ற இருவரும் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், அடுத்தவன் படை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடக் கூடாது. வீரன் செத்தால் ஆள் அவுட். அவுட்டானவர் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட வேண்டியதுதான். ஒரு ஆட்டம் முடிய ஒரு வாரம் ஆகும் என்பதால், அவுட்டான ஆளுக்கு அந்த வாரம் முழுக்கச் சித்தியோடு வற்றல் காயப்போடுகிற வேலை.

எல்லா வாரமும் வற்றல் காயப்போட்டது நான்தான்.

எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. என் அம்மா என்னை "பறக்காவெட்டி" என்றுதான் கூப்பிடுவாள். ஆட்டம் தொடங்கும்போது வீரர்களின் முகங்கள் வரிசையாக வரும், அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொருவராகப் பார்த்து, வேண்டிய முகத்தைத் தட்டி ஒருவரை எடுக்கவேண்டும். அங்கேயே எனக்குத் தடுமாற்றம் தொடங்கிவிடும். இவன் வேண்டாம், அவன், இல்லை, முதலில் பார்த்தவனே தேவலை என்று போய்ப் போய்த் திரும்புவேன். டீ கொண்டுவருகிற சித்தி அதைப் பார்த்துவிட்டு, "புடவைக் கடையில கட்டுறது ஒண்ணு, கலைக்கிறது ஒம்பது" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

வீரர்களின் இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். வெள்ளைத்தாடிக் கிழவர் ரகுவுக்குப் பிரியமானவர். ரகு வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், அதனால் அவர் "தாதகாரு" ஆனார். இரும்புத் தொப்பியும் வாளுமாகக் குதிரை மேல் இருந்தவன் குதிரைக்காரன். அவனுக்குத்தான் மூவரும் அடித்துக்கொள்வோம். கொண்டை போட்டு, கையில் தடிப் புத்தகம் வைத்திருந்த ஒரு பெண்ணும் அந்த வரிசையில் உண்டு. வாளும் இல்லை, கேடயமும் இல்லை, பலம் என்ற இடத்தில் சைபர். அவளுக்குக் கீழே "ஸ்பெல் புக்" என்று எழுதியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் ஸ்பெல் என்றால் ஒன்றே ஒன்றுதான். இங்கிலீஷ் பீரியடில் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, "ஸ்பெல்லிங் சொல்லு" என்று மிரட்டுகிற அந்த ஸ்பெல். சீனு அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தவன், அவன் சொன்னால் தீர்ப்பு. "ஸ்பெல் புக்னா டிக்‌ஷ்னரி. இவ டீச்சரு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் டீச்சரம்மா. சண்டைக்கு டிக்‌ஷ்னரி தூக்கிப் போகிறவளை யார் எடுப்பார்கள்?

எப்போதாவது குதிரைக்காரன் எனக்குக் கிடைப்பான். கிடைத்த நிமிஷமே அவனை விரட்டிக்கொண்டு போய் எதன் மேலாவது முட்டவைப்பேன். ஒருதரம் பாலத்தடியில் ஒரு பூதப்படை நின்றது. சுவரைப் பார்த்து நின்ற ரகுவிடம், அடிக்கட்டுமா, ஆகுமா என்று கேட்டேன். அவன் பதறிப்போய் "ஆகு, ஆகு" என்றான். ஆகும் என்கிறான் என்று நான் மோதினேன், குதிரைக்காரன் செத்தான். தெலுங்கில் "ஆகு" என்றால் நில் என்று அர்த்தமாம், கீழே மோர்மிளகாய் புரட்டிக்கொண்டிருந்தபோது சித்தி சொல்லித்தான் தெரியும். அதோடு விட்டாளா, "குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சிச்சாம்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அவுட்டானதைவிட எனக்கு வேறொன்றுதான் பெரிய குறையாக இருந்தது. ரகுவின் அம்மா ஜன்னலில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால், "ஆட்டம் முடியலைம்மா" என்று அவன் இங்கிருந்தே குரல் கொடுப்பான். சீனு அண்ணனைக் கடைக்கு அனுப்பச் சித்தப்பா தேடினாலும் அதே பதில்தான், அவரும் முனகிக்கொண்டே விட்டுவிடுவார். என்னை யார் எப்போது கூப்பிட்டாலும் நான் உடனே எழுந்து போகக்கூடியவளாகவே இருந்தேன். அப்பா என்னைக் கூட்டிப்போக வருவதற்குள் ஒரே ஒருமுறையாவது என் ஆட்டமும் முடியாமல் இருக்கவேண்டும், நானும் ஒரு ஆளைக் காக்கவைக்க வேண்டும். அந்த விடுமுறை முழுக்க இதுதான் மனசில் கிடந்து அரித்தது.

விடுமுறையின் கடைசி ஆட்டம் வந்தது. சாட் பூட் த்ரீ போட்டோம், அதிசயமாக எனக்கே முதல் தேர்வு. குதிரைக்காரன் கண்முன்னால் நிற்கிறான். எடுக்கிற நேரத்தில், இன்னும் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருவோமே என்று கை பரபரத்தது. அம்புக்குறியை வேகமாக இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்று அம்புக்குறியில் விழுந்தது, இன்னொன்று வழுக்கிப்போய் டீச்சரம்மா மேல் விழுந்தது.

"தொட்டா தொட்டதுதான்" என்றான் ரகு. எங்கள் ஆட்டத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து, "டிக்டேஷன் வச்சு எல்லாரையும் ஃபெயிலாக்கிரு, போ" என்றான் சீனு அண்ணன். குதிரைக்காரனை அவன் எடுத்துக்கொண்டான்.

எனக்கு ஆட்டமே வெறுத்துப்போயிற்று. அவளைக் கோட்டைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, ரெண்டு அடி இந்தப் பக்கம், ரெண்டு அடி அந்தப் பக்கம் நடத்திவிட்டு முறையை முடித்துக்கொண்டே வந்தேன். வெறுப்பில் செய்த அந்தக் காரியம்தான் என்னை வழக்கத்தைவிட நீண்ட நாள் உயிரோடு வைத்திருந்தது என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் குதிரைக்காரன் பெரும்படையோடு என் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான். சண்டை என்றால் மூவரும் பார்க்கலாம், அது விதி. என் பக்கம் ஈட்டிக்காரர்கள் கொஞ்சம் பேர், பின்னால் கொண்டையோடு டீச்சரம்மா. எப்படியும் சாகப்போகிறாள் என்று, கை சும்மா இருக்கமாட்டாமல் திரையில் கண்டதையெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தவள், மூலையில் இருந்த புத்தகப் படத்தையும் அமுக்கிவிட்டேன். புத்தகம் விரிந்தது. உள்ளே எழுத்துக்குப் பதிலாகப் படங்கள். தீ, பனி, மின்னல். மின்னலை அமுக்கி, குதிரைகள் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

இடி இறங்கியது. முன்வரிசைக் குதிரைகள் இருந்த இடத்தில் எலும்புக்குவியல்.

ஸ்பெல் என்றால் மந்திரம் என்றும் ஒரு அர்த்தம் உண்டு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. சீனு அண்ணன் ரகுவைப் பார்த்து, அவன்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி, "ஏலே, டிக்‌ஷ்னரிக்குள்ள எப்படிலே இடி வந்துச்சு?" என்றான். நான் அதற்குள் அடுத்த மின்னலில் இருந்தேன். குதிரைக்காரன் செத்தான். சீனு அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே போனான். விஷயத்தைக் கேட்ட சித்தி அன்று முழுக்கச் சிரித்தாள். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு இம்புட்டு நாளும் நெய்க்கு அலைஞ்சிருக்கீக."

மிச்சம் நானும் ரகுவும். ஆனால் புத்தகத்தை மறுநாள் திறந்தால் படங்கள் எல்லாம் மங்கிக் கிடந்தன, அமுக்கினால் வேலை செய்யவில்லை. இடிக்கும் ஒரு இருப்பு உண்டு, அது தீர்ந்துவிட்டது. விளையாட்டுக்குள் ஒரு நாள் விடிந்தால் துளி ஊறும், அவ்வளவுதான். ரகுவின் தாதகாரு ஆற்றுக்கு அக்கரையில் தனியாக நின்றார். பாயவேண்டும் போல் விரல் துடித்தது, பாய்ந்தால் செத்தேன் என்று தெரிந்தும் துடித்தது. வகுப்புக்குச் சாக்பீஸ் எடுக்க வந்த சித்தப்பா, "பதறாத காரியம் சிதறாது தாயி" என்று எனக்கென்றோ யாருக்கென்றோ சொல்லிக்கொண்டே சாக்பீஸைத் தேடினார்.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்து நின்றார், வாசலில் செருப்பைக்கூட விடாமல். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பாத்திரக்கடை, சாயங்காலம் திறந்தாகவேண்டும். "ஏட்டி, கிளம்பு. பஸ்சு போயிரும்."

நான் எழுந்துவிட்டேன். பழக்கம். பாதி எழுந்தவள் அப்படியே நின்று, "செத்த நேரம் இருங்கப்பா. என் ஆட்டம் முடியலை" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, படிக்க வருகிறவர்களின் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுல நீ யாரு?"

"இந்தா, இந்த டீச்சரம்மா."

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கா? போகச் சொல்லு."

"இப்பப் போகக் கூடாதுப்பா. விடியட்டும்."

என் வாயிலிருந்தா இது வருகிறது என்பதுபோல அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் காலை ஆட்டுவதுமாக அவர் தவித்துக்கொண்டிருக்க, ரகு ஆட, நான் ஆட, விடிய, மறுபடி விடிய, புத்தகத்தில் ஒவ்வொரு படமாக நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் வகுப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆட்டத்தை அப்படியே சேமித்துவைத்துவிட்டு எழுந்தோம். அடுத்த கோடையில் போனபோது அந்த மிஷின் மாறியிருந்தது, ஆட்டம் அதோடு போயிற்று. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அன்று போகவேண்டிய பஸ் போய், அதற்கடுத்த பஸ்ஸில்தான் நானும் அப்பாவும் ஊர் திரும்பினோம்.

சென்டர் இருந்த மாடி இப்போது தையல் கடை. சீனு அண்ணன் ஓசூரில், ரகு கடல் கடந்து எங்கேயோ. அந்த விளையாட்டு இப்போது போனிலேயே கிடைக்கிறது, எந்த வீரன் உசத்தி, எவள் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று விளக்குகிற வீடியோக்களோடு. ஸ்பெல் என்றால் என்ன என்று கேட்டுத் தப்பாகத் தெரிந்துகொள்ள இனி ஒரு பிள்ளைக்கும் வாய்ப்பில்லை. போன மாதம் நானும் இறக்கிப் பார்த்தேன். அம்புக்குறியை ஒருமுறைகூடத் தட்டாமல் நேராக டீச்சரம்மாவை எடுத்து, என் முறையை ஆடி முடித்தேன். போனே ஆடுகிற எதிராளிகளின் முறைகள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டன, மறுபடி நான். ஆடினேன், மறுபடி நான். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் யோசிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. எப்போது பார்த்தாலும் என் முறையாகவே இருக்கிறது, அதனாலேயோ என்னவோ ஆடத்தான் கை வரவில்லை.